பனிமூட்டத்தில் கேட்ட காலடிச் சத்தம்

உடைந்த இடது கால் எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாளில் ஆசியப் போட்டி, 1500 மீட்டர்.

இன்று காலை ஹல்துமுல்லையில், எதிரில் வரும் ஆள் தெரியாத பனிமூட்டம். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மூன்று தடவை முழு வேகத்தில் ஓடினேன். வலியே இல்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ரோட்டுக்கு ஏறி வந்தார்.

"மொத ரெண்டு வாட்டி ஓடுனது நீயா தங்கச்சி? ஆளு தெரியல, சத்தம் மட்டும் கேட்டுச்சு. கடைசியா ஒரு கால இழுத்துக்கிட்டு ஓடுச்சே, அந்தப் புள்ள எங்க?"

மூன்று தடவையும் நான் தனியாகத்தான் ஓடினேன்.

"அது வீட்டுக்குப் போயிருச்சுக்கா."

"போகட்டும். அந்தக் கால வச்சிக்கிட்டு இனி ஓட வேணாம்னு சொல்லு."

ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுங்கள், நண்பர்களே. கோச்சை மட்டும் டேக் பண்ணாதீர்கள்.