விளக்கடியில் படுத்த வெள்ளாடுகள்

ஆடி மாதத்தில் எங்கள் ஊர் ஒரு மயக்கத்தில் கிடக்கும். முதுகுளத்தூர் பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி, இறங்க மனமில்லாமல் அந்தரத்திலேயே நிற்கும். கண்மாய் வறண்டு கருவேலங்காடாகியிருக்கும். பொழுது சாய்ந்த பிறகும் வெளிச்சம் பனைகளின் இடுக்கில் தங்கித் தங்கிப் போகும். விலங்கியலில் முதுகலைப் பரீட்சை எழுதி முடித்து, மதுரை விடுதியைக் காலி செய்துவிட்டு வந்திருந்த எனக்கு, அந்த ஆடியில் உருப்படியாக ஒரு வேலையும் இல்லை. மதினியின் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மதினி, என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் துபாயில். மாரியூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது கையில் பிடித்து வந்த ஒரே ஒரு வெள்ளாட்டிலிருந்து ஒரு பட்டியையே பெருக்கியிருந்தார். இந்த வீட்டில் 'இது என்னது' என்று அவர் சொல்லிக்கொள்ள அந்த ஆடுகள்தான் இருந்தன. அந்த வருடம் பார்த்து ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை.

"ஆவணி முடியுறதுக்குள்ள சினை தெரியலேன்னா யாவாரிகிட்ட விட்ருவோம்" என்று அய்யா சொல்லிவிட்டார். "தண்ணியுமில்ல, தீவனமுமில்ல. எதுக்கு இந்தக் கூட்டத்தக் கட்டி அழுகணும்?"

மதினி மாமனாருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்துபோனார். அன்றைக்குப் பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்பட்டன.

எல்லோருமாகச் சேர்ந்து பழியைக் கிடாயின்மேல் போட்டிருந்தார்கள். அதற்கு வீரியம் போய்விட்டது என்று கோயிலுக்கு நேர்ந்து, வெட்டி, விருந்தும் வைத்தாயிற்று. புதுக் கிடாய் வந்தது. அதுவும் பட்டிக்குள் பெரிய மனிதர் மாதிரி நடந்து, தாடியை ஆட்டி, ஒன்றும் நடக்காமல் படுத்துக்கொண்டது.

ஒருநாள் அந்தியில் பட்டி ஓரமாக நின்றிருந்தேன். வானம் மாம்பழத் தோல் நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஊரே மெல்ல மங்கி, முகங்கள் கரைந்து, குரல்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்த நேரம். பட்டிக்கு மேலிருந்த சோலார் விளக்கு தானாக எரியத் தொடங்கியது. வெள்ளை வெளேரென்று பால் ஊற்றியதுபோல் ஒரு வெளிச்சம். ஆடுகள் அதற்குள் நின்று அசைபோட்டன. அவற்றுக்கு மட்டும் அன்றைக்கு அந்தி வரவில்லை.

அந்த விளக்கை வைத்தது அய்யாதான். போன வருடம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டன. அதனால்தான் சோலார் விளக்கு, அதுவும் இருப்பதிலேயே பெரியது. விடிய விடிய எரியும். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து மெச்சினார்கள். நாயும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த ஆடுகள் இருட்டைப் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

படித்த பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. மூளையின் நடுவில் பினியல் என்று ஒரு சிறு சுரப்பி உண்டு. கண்ணில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை சும்மா இருக்கும். இருட்டியதும் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும், விடிந்ததும் நிறுத்திக்கொள்ளும். இரவு நீண்டால் சுரப்பதும் நீளும். அந்த நீளத்தை வைத்துத்தான் உடம்பு இது எந்த மாதம் என்று தெரிந்துகொள்கிறது. இரவு நீளத் தொடங்கினால் ஆட்டின் சினைப்பை விழித்துக்கொள்ளும். குதிரைக்கு நேர்மாறாக, பகல் நீளும்போது. ஆடு இன்றைக்கு எதிரே இருக்கும் புல்லைப் பார்த்துச் சினை பிடிப்பதில்லை. ஐந்து மாதம் கழித்து, குட்டி விழும்போது முளைத்திருக்கப்போகும் புல்லுக்காகப் பிடிக்கிறது. சருகு பறக்கும் ஆவணியில் நின்றுகொண்டு தை மாதத்துப் பசுமையைக் கனவு காண்கிறது. வகுப்பில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஒரு ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நினைத்ததில்லை.

ஓடிப்போய் மதினியிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"அப்ப இருட்டு இல்லேன்னா ஆசை வராதுங்கிற."

"ஆட்டுக்கு, மதினி."

"விடியிற வரைக்கும் போன் வெளிச்சத்த மூஞ்சில அடிச்சுக்கிட்டுக் கெடக்கியே, அதான் எந்த மாப்பிள்ளையக் காட்டுனாலும் வேணாங்கிற. இப்பத்தான் வெளங்குது."

சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினார். "நெசமாவா புள்ள?"

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தில் இருப்பது குளிர்நாட்டு ஆடு. அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நமக்கு அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நம் ஆடுகள் தீவனத்தைப் பார்த்து எந்த மாதத்திலும் சினை பிடிக்கும் என்றும் படித்திருந்தேன். "இருக்கலாம் மதினி" என்றேன்.

அய்யாவிடம் விளக்கை அணைக்கச் சொன்னதற்கு ஒரே பதில்தான். "அணைச்சிட்டு? நாய் வந்து குடலை உருவுனதுக்கப்புறம் ஒம் பாடத்தப் படிச்சுக் காட்டுவியா?"

வழி கண்டுபிடித்தது மதினி. ஊர்க்காரர்கள் ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒவ்வொருவர் புஞ்சையாகக் கிடை போடுகிற காலம் அது. அறுத்த நிலத்தில் வலையடைத்து ராத்திரி ஆடுகளைப் படுக்க வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி அடுத்த விதைப்புக்கு உரமாகும். காவலுக்கு ஆளும் நாயும் கூடவே இருக்கும். எங்கள் பட்டி மட்டும் விளக்கு வந்ததிலிருந்து போகாமல் இருந்தது.

"மாமா, நம்ம புஞ்சைக்கும் உரம் வேணும்ல. கிடையில சேத்து விட்ருவோம். காவலுக்கு ஆளிருக்கு" என்றார் மதினி. இருட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அய்யா யோசித்து, "சரி, ஓட்டு" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் நானும் மதினியும் ஓட்டிப்போனோம். புஞ்சையைச் சுற்றி மாரியூர்க் கடற்கரையிலிருந்து வந்த பழைய மீன்வலையைக் கட்டியிருந்தார்கள். இன்னும் உப்பு வாடை. கம்பு அறுத்தபின் நின்ற தட்டைக்குள் ஆடுகள் மூக்கை நுழைத்தன. அந்தி இறங்கியது. இந்த முறை அது ஆடுகள்மேலும் இறங்கியது. முதலில் கறுப்பு ஆடுகள் காணாமல் போயின, பிறகு செவலை, கடைசியாக வெள்ளை. கழுத்து மணிகள் மட்டும் எங்கிருந்தோ கேட்டன. மண்ணின் சூடு காலடியில் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. எனக்குள்ளேயும் ஏதோ ஒன்று கண்ணை மூடிக்கொண்டதுபோல் இருந்தது.

அதன்பிறகு தினமும் விடிகாலையில் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஆவணி பிறந்து சில நாள் கழித்து ஒரு காலையில், வலைக்கு வெளியே நிற்கும்போதே சத்தம் கேட்டது. மூத்த ஆடு வாலை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே கிடாய்களின் பின்னால் சுற்றியது. பருவத்துக்கு வந்திருந்தது. அடுத்தடுத்து மற்றவையும். பக்கத்து மந்தைக் கிடாய்க்கும் எங்கள் கிடாய்க்கும் கொம்பு மோதல்.

"பாத்தீங்களா மதினி, இருட்டு" என்றேன்.

"தட்டையும் நல்லாத் தின்னுச்சுக. வேத்துக் கிடாயும் இருக்கு" என்றார் மதினி.

அவர் சொன்னதும் சரிதான். பழகாத கிடாயின் வாடையே பெட்டைகளை எழுப்பிவிடும் என்று அதே புத்தகத்தில் இருந்தது. எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வெறி. பாதி ஆடுகளை மறுபடி விளக்கடியில் கட்டலாமா என்று கேட்டேன்.

"ஒன்னய வேணா கட்டுறேன், வா" என்றார்.

ஆவணிக் கடைசியில் பெரியபட்டினத்திலிருந்து வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார். அய்யா வரச்சொல்லியிருந்தார். ஆடுகளைப் புஞ்சையிலிருந்து ஓட்டி வந்து நிறுத்தினோம். ஒன்றின் வயிறும் இறங்கவில்லை. மதினி பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சினைங்கிறாக மருமக. பாத்தா அப்படித் தெரியல" என்றார் அய்யா. என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ. சொல்லு. சினையா, இல்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. மதினி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறுதியாத் தெரியாதுய்யா. சினை பிடிக்கலேன்னா மூணு வாரத்துல திரும்பக் கத்தணும். அந்தக் கெடு தாண்டிருச்சு. ஒன்னு ரெண்டத் தவிர எதுவும் கத்தல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

வியாபாரி ஒரு ஆட்டின் கண்ணையும் வாலடியையும் பார்த்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். "அப்படின்னா நானும் தொட மாட்டேன். வயித்துப் பிள்ளையோட அறுத்த பாவம் எனக்கு வேணாம். தை கழிச்சு வாரேன், இன்ஷா அல்லாஹ். கிடாக்குட்டி இருந்தா எனக்குத்தான், சரியா?"

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் அய்யா. மதினி கதவை விட்டுவிட்டு அடுப்படிக்குள் போனார். அன்றைய டீயில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தது.

தை மாதம் நான் மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருந்தேன். ஒரு காலையில் மதினி போன் செய்தார். பேச்சுக்கு முன்னால் குட்டிகளின் குரல்தான் கேட்டது, மெல்லிசாக, ஒன்றன்மேல் ஒன்றாக, முடியாமல்.

"கேக்குதா?" என்றார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஆமா, இருட்டா, தட்டையா, கிடாயா, என்னன்னு கண்டுபிடிச்சியா?"

"இல்ல மதினி. ஒன்னொன்னாச் செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"அதெல்லாம் நீ அங்கன வச்சுப் பாரு. இங்கன வர்ற ஆடிக்கும் மூணையும் சேத்தே செஞ்சிருவோம்."