மயில் காசுக்கு வந்த விலை

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கும் தெருவில், ஒரு பெண்மணியின் கடையில்தான் நான் காசு வாங்குவேன். அவர் கணவர் லாரி ஓட்டினார். கடை முழுக்க இவர் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயது இளையவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவார். எனக்கு மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. சம்பளத்தில் மிஞ்சுவது பழைய காசாகிவிடும்.

முன்பெல்லாம் அந்தத் தெருவில் ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். சட்டை மடிப்புக் கலையாமல் போனால் ஒரு விலை, பஸ்ஸில் கசங்கிப் போனால் ஒரு விலை. பிறகு செல்போனில் ஏலம் வந்தது. எல்லாரும் அதில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். இவர் மட்டும் முடிந்துபோன ஏலங்களைத் தேடித் தேடிப் பார்ப்பார்.

“கேக்குறது ஆசைண்ணே. ஒருத்தன் கொடுத்து வாங்குனான் பாருங்க, அதுதான் விலை.”

ஒரு நாள், ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் பூப்போட்ட தரைக்கல் வார்க்கும் தொழிலாளி ஒருவர் வந்தார். நகக்கண்ணில் சிமெண்டு. கைக்குட்டையை அவிழ்த்து ஒரு வெள்ளிக்காசை வைத்தார். தோகை விரித்த மயில். பர்மாக் காசு. அந்தக் காலத்தில் அங்கே கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் கொண்டுவந்ததால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கிடந்தது. நகைக்கடைக்குப் போய் உருகிவிடும். வந்தவருடைய மாமியார் வேலை பார்த்த பெரிய வீட்டில், இவர் கல்யாணத்துக்கு இதுபோல நாலு காசு கொடுத்தார்களாம்.

“வீடியோல லட்சம்ங்கிறாக. நகைக்கடையில வெள்ளி விலைதாங்கிறாக. எது நெசம்?”

நல்ல மயில் காசு ஒன்றுக்காக நான் வெகுநாளாகக் காத்திருந்தேன். முந்திக்கொண்டு, “வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் போட்டு நானே எடுத்துக்கிறேன்” என்றேன். தாராளமாகச் சொன்னதாகவே நினைப்பு.

கடைக்கார அம்மா என் பக்கம் திரும்பவில்லை. போனை அந்த மனிதரிடம் நீட்டினார். “லட்சமும் இல்ல, வெள்ளி விலையும் இல்ல. போன மாசம் இதே காசு இந்த விலைக்குப் போயிருக்கு, பாருங்க.”

நான் சொன்னதைப் போல ஐந்து மடங்கு. என் காது சூடேறியது. எனக்குத் தெரியாத விலை இல்லை அது. நினைத்திருந்தால் கடைக்கார அம்மாவே மலிவாக வாங்கியிருக்கலாம்.

பிறகு காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “புளி போட்டுத் தேச்சீகளா?” என்று கேட்டார்.

“அழுக்கா இருந்துச்சு.”

“தேச்சா பாதி விலை போயிரும். மிச்சம் மூணையும் தொடாதீக, அப்படியே கொண்டாங்க.”

அவர் மற்றதையும் கொண்டுவந்ததும், முதலில் இரண்டை மட்டும் ஏலத்தில் விட எடுத்தார்: ஒரு தேய்த்த காசு, ஒரு தேய்க்காத காசு. வெள்ளைத்தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தார். தேய்த்ததை மறைக்காமல் எழுதினார். விற்றதில் பத்தில் ஒரு பங்கு தனக்கு என்று முன்னாலேயே பேசிக்கொண்டார்.

ஏலம் ஒரு ஞாயிறு மத்தியானம் முடிந்தது. தரைக்கல் தொழிலாளி மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிடங்களில் எங்கோ வடக்கே இருந்த இருவர் தேய்க்காத காசுக்கு மோதிக்கொண்டார்கள். நானும் கேட்டுப் பார்த்து விலகினேன். அது நல்ல விலைக்குப் போனது. தேய்த்தது சொன்னபடி ஏறக்குறைய பாதிக்கு.

செய்தி பரவியது. கோட்டையூர், நேமத்தான்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ மயில் காசுகள் பெட்டியைவிட்டு வெளியே வந்து, ஒரே சமயத்தில் ஏலத்தில் ஏறின. விலை சரிந்தது. மீதி இரண்டையும் இப்போதே விற்றுவிடலாம் என்று பதறி வந்தார் அந்த மனிதர்.

“எல்லாரும் விக்கிறப்ப நீங்களும் வித்தா, வாங்குறவன் சும்மா உக்காந்து பாப்பான். பொறுங்க” என்றார் அம்மா.

பொறுத்தார். வரத்து ஓய்ந்தது. அடுத்த வருஷம் விலை மெல்ல ஏறியபோது விற்று, கல் வார்க்கச் சொந்தமாகக் கண்ணாடிப் பலகைகளும் இரண்டு பூ அச்சும் வாங்கித் தன் வீட்டுக் கொட்டகையிலேயே தொழிலை ஆரம்பித்தார்.

வெகுநாள் கழித்து அந்த அம்மாவிடம் கேட்டேன். “அன்னைக்கு நான் சொன்ன விலைக்கு அவர் சரின்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?”

“விட்டிருக்க மாட்டேன்ணே. நீங்க கோவிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் வராம இருந்திருப்பீக. அப்பறம் வந்திருப்பீக.”

வந்திருப்பேன்.