சீலிங்கில் தொங்கிய டைஃபூன்

பிளாஸ்டிக் ஒட்டுகிற பசையின் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முதலில் வருவது எரிச்சல்தான். கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில், அம்மா பொரிக்கும் மிளகாயின் நெடியோடு கலந்து ஒரு குளிர்காலம் முழுவதும் அது திரைச்சீலைகளில் குடியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் குளிர் வரும் என்பார் அப்பா, திறக்காவிட்டால் தலையிடி வரும் என்பார் அம்மா. இருவருக்கும் நடுவே மேசையில் இறக்கை இல்லாமல் கிடந்தது என்னுடைய டைஃபூன்.

பத்தாவது பிறந்தநாளுக்கு லண்டன் மாமா அனுப்பிய பெட்டி அது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர் ஓட்டிய சண்டை விமானத்தின் சிறு மாதிரி; துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டி வர்ணம் பூச வேண்டும். வகுப்புத் தோழி காத்ரினின் கட்டிலுக்கு மேலே அப்படி ஒரு விமானம் நூலில் ஆடுவதைப் பார்த்ததிலிருந்து, எனக்கும் என் கட்டிலுக்கு நேர் மேலே ஒன்று வேண்டும் என்று நான் வீட்டைப் படுத்திய பாட்டுக்கு மாமா கண்டுபிடித்த மருந்து அது.

பெட்டிக்குள் ஜெர்மனிலும் இருந்த விளக்கத் தாளை அப்பாவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். அதுவே பெரிய தொல்லை, ஏனென்றால் அவர் எந்த வரியையும் சும்மா கடந்து போகமாட்டார். உயரத்தில் எதிரி விமானங்களைத் துரத்தத்தான் டைஃபூனை வடிவமைத்தார்களாம். இறக்கை தடிப்பாகிப் போனதில் உயரே போனால் வேகம் எடுபடவில்லை. இயந்திரப் புகை விமானியின் கூண்டுக்குள் கசிந்ததால், தரையில் நிற்கும்போதே அவர் பிராணவாயு முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அது போதாதென்று, பறந்துகொண்டிருக்கும்போதே சிலவற்றின் வால் முறிந்து விழ, வால் உடலோடு சேரும் இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகளை அடித்து இறுக்கினார்கள். "வால் நிக்காத சாமானை ஏன் மேல விட்டவங்கள்?" என்று அப்பா என்னிடம் கேட்டார், நான்தான் அதை வரைந்து கொடுத்தவள் என்பதுபோல. தாளில் சொல்லாத வேலையாக, கோப்பி டின்னின் மூடியை வெட்டி அந்த வாலைச் சுற்றி நிஜத் தகடே ஒட்டினார். அந்தப் பாரத்தில், தூக்கிப் பிடித்தால் விமானத்தின் மூக்கு சீலிங்கைப் பார்த்தது.

உயரத்துக்கு ஆகாத விமானத்தைப் பிறகு பதிவாக, தரையை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். இறக்கைகளின் கீழ் ராக்கெட்டுகளைக் கட்டி, ரயில்களையும் பாதையில் போகும் வண்டிகளையும் அடிக்க அனுப்பினார்கள். அதில்தான் அது பேரெடுத்தது. இந்த வரியை நான் வாசித்தபோது குசினியில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

"தலைக்கு மேல பிளேன் இருக்கப்படாது. அலுமாரிக்கு மேல வையுங்கோ. கட்டிலுக்கு மேல ஏலாது" என்றார் அம்மா. யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் "பொம்மர்" இரைந்து வந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழியான "பங்கருக்குள்" ஓடியவர் அவர். கைக்குழந்தையாக இருந்த எனக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. இது வெறும் பிளாஸ்டிக் என்று கத்தினேன். காத்ரின் வீட்டில் எந்த அம்மாவும் இப்படிப் பேசுவதில்லை என்றும் கத்தினேன்.

அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மாலை அப்பா கொளுக்கி அடித்து அதைத் தொங்கவிட்டார். அம்மா வந்து பார்த்தார், கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டார். நான் அப்பாவை நச்சரித்துக் கொளுக்கியை மாற்றினேன். கட்டில் ஜன்னலடிக்குப் போனது. சீலிங் முழுவதும் ஓட்டைகளான பிறகு, அலுத்துப்போன அப்பா விமானத்தை ஹோலுக்குக் கொண்டுபோய், வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த நல்ல கதிரைக்கு மேலே மாட்டினார். "இனி ஆருக்கும் பிரச்சினை இல்லை" என்றார். எனக்கும் ஒருவாறு சமாதானம்தான். சனிக்கிழமை காத்ரின் வந்தால் பார்ப்பாளே.

அவளுக்கு முன்னால் வந்தவர் கீழ்வீட்டு ஃபிராவ் கிரோல். டாக்டரைப் பார்க்க எங்களுக்கு நேரம் குறித்து "டெர்மின்" எடுத்துத் தருகிற வயதான பெண்மணி. உபகாரம் செய்பவருக்கு நல்ல கதிரை கொடுக்காமல் விடுவார்களா? அப்பா அவரை டைஃபூனுக்கு நேர் கீழே இருத்தி, தேநீரும் கொடுத்து, மேலே கையைக் காட்டித் தன் ஜெர்மனில் பெருமையாகச் சொன்னார்: "லண்டன் விமானம். நான் செய்தது."

ஃபிராவ் கிரோல் நிமிர்ந்து பார்த்து, "யாபோ" என்றார். குண்டும் போடுகிற சண்டை விமானங்களுக்கு அந்தக் காலத்து ஜெர்மன்காரர் வைத்த சுருக்கப் பெயர். சிறுமியாக இருந்தபோது, கிழங்கு வண்டியோடு தாயும் அவரும் போன வயல் பாதையில் அப்படி ஒன்று வந்ததாம். தாய் அவரைப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளி மேலே விழுந்து படுத்தாராம். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"எவ்வளவு பதிவா வந்ததெண்டு கேள்" என்றார் அம்மா. கேட்டேன். மரங்களின் உயரம்தான் என்றார் ஃபிராவ் கிரோல். "ஓட்டினவன்ர முகம் தெரிஞ்சதோ எண்டு கேள்." எனக்கு அலுப்பாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். மூக்குக்கு மேலே கண்ணாடி தெரிந்ததாம், முகம் தெரியவில்லையாம். நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே அம்மா, "ஓம், அப்பிடித்தான்" என்றார்.

பிறகு அவரைக் கைபிடித்து எழுப்பிக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத இரண்டு பேரும் அங்கே வெகுநேரம் இருந்தார்கள். அப்பா கதிரையில் ஏறி நூலை அவிழ்த்தார். இரண்டு பெரிய மனுஷிகள் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குப் பயந்து என் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. காத்ரின் வந்தபோது டைஃபூன் அலுமாரிக்கு மேலே தூசிக்குள் கிடந்தது.

ஃபிராவ் கிரோல் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. வீடு மாறியபோது டைஃபூனும் எங்கோ போய்விட்டது. அம்மா என்னோடு டுசல்டோர்ஃபில் இருக்கிறார். விமானங்கள் நிலையத்தில் இறங்குவதற்காக எங்கள் வீட்டுக்கு மேலேதான் பதிந்து வருகின்றன. வேலைக்குப் பக்கம் என்று நான் பார்த்த வீடு. வந்த புதிதில் ஒவ்வொரு விமானத்துக்கும் அம்மாவின் கை வேலையில் நின்று நின்று தொடரும். இப்போது காது கேட்பதில்லை. அலைந்து திரிந்து டெர்மின் எடுத்து ஒரு காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பால்கனியில் உட்காருவார். கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது.

போன வாரமும் கத்தினேன். "அதைக் காதில போடுங்கோவன் அம்மா! கூப்பிட்டால் விளங்குதே இல்லை!" அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் கூரையை உரசுவதுபோலப் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா தலை நிமிராமல் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். என் வாய் அசைவதைக் கண்டபிறகுதான் பேசினார்.

"சும்மா கத்தாதை, பிள்ளை. இப்பதான் வானம் பேசாமல் கிடக்குது. கொஞ்ச நேரம் இருக்க விடு."