போரிஸ் இண்டைக்கும் விக்கேல்லை

எங்கட முதலாளி போரிஸ் மாஸ்கோவில பிறந்த யூதர். அங்க செய்தி அனுப்புற ஆப் ஒண்டு தொடங்கினவர். அதில காசு போட்டவை, பாவிக்கிற ஆக்களின்ர தனிப்பட்ட செய்திகளைக் கேட்க, குடுக்காமல் எல்லாத்தையும் விட்டிட்டு பேர்லின் வந்தவர். இங்க நொய்கெல்ன் பகுதியில திரும்பவும் ஒரு ஆப் கம்பனி தொடங்கினார்.

இண்டைக்கு ஒரு பெரிய கம்பனி எங்களை வாங்க வந்தது. பாவிக்கிறவையின்ர தகவல்களும் வேணுமாம்.

போரிஸ் எங்களைப் பார்த்தார்.

"நான் மாட்டன் எண்டால் உங்கட வேலையும் போகலாம். என்ன சொல்லுறீங்கள்?"

எனக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகுது.

"ஏலாது எண்டு சொல்லுங்கோ" எண்டன். மற்றவையும் ஓம் எண்டிச்சினம்.

வந்தவை கோப்பியும் குடிக்காமல் போயிட்டினம். போரிஸ் லப்டொப்பைத் திறந்தார். "சரி, வேலையைப் பாப்பம்."

வேலை போகலாம் எண்டு என்ர மனுசனுக்கு இன்னும் சொல்லேல்லை. அவர் இந்தப் பதிவைப் பாக்க முதல், எப்பிடிச் சொல்லலாம் எண்டு ஆராவது சொல்லுங்கோ.