கேமராவுக்கு வைத்த பொட்டு

1. நெற்றி எது?

கேமராவுக்கு நெற்றி கிடையாது. சி.சி.டி.வி. கேமரா மாட்டும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். வயரிங், படம் பதிவாகும் டி.வி.ஆர். பெட்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் பழகப் பழக வந்துவிடும். இதை மட்டும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஆயுத பூஜை அன்று சென்னையில் எந்த மெஷினும் பொட்டில்லாமல் இருக்கக்கூடாது. மோட்டார், லிஃப்ட், பைக், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். என் பெயர் ஆரோக்கியராஜ். சாந்தோம் கோயில் மணி கேட்டு வளர்ந்தவன். எனக்கு இதில் ஓர் ஆட்சேபமும் இல்லை. என் டிரில்லிங் மெஷினுக்கு நானும் வைப்பேன். சும்மா சொல்லக்கூடாது, அது இன்றுவரை மக்கர் செய்ததில்லை.

கேமரா விஷயம் வேறு. குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புல்லட் கேமராவில் முகம் என்று தேடினால், முன்னால் இருக்கும் கண்ணாடிதான் கிடைக்கும். பக்தியுள்ளவர் ஏணி போட்டு ஏறுவார், கண்ணாடிக்கு நட்டநடுவில் பொட்டு வைப்பார், கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்குவார். மறுநாள் எனக்கு ஃபோன் வரும். "படம் செவப்பா தெரியுதுங்க, கேமரா போச்சா?" போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவேன்.

ஃபோன் செய்கிறவர்கள் நல்லவர்கள். செய்யாதவர்களிடம்தான் எனக்குப் பயம். கேமரா மாட்டும்வரை திருடன் பயம். மாட்டிய பிறகு, கேமரா பார்த்துக்கொள்ளும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். கேமரா எதையும் பார்த்துக்கொள்ளாது ஐயா. அது பதிவு செய்யும். பார்க்க வேண்டியவர் நீங்கள்.

2. நாய்க்கும் ரத்தம்

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே மூன்று மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு நான்தான் கேமரா போட்டேன். அதன் அசோசியேஷன் செயலாளர் ராகவன் சார், ரிட்டயரானவர், நல்ல மனுஷர். அந்த வருஷம் பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஆரோக்கியம், உடனே வாங்கோ. போலீஸ்லேர்ந்து பேசினா. கேட் கேமரா ரெக்கார்டிங் வேணுமாம்."

"இன்னா சார் ஆச்சு?"

"நீங்க வாட்ஸ்அப் பார்க்கலையா?"

பார்த்திருந்தேன். ஊரே பார்த்திருந்தது. ஒரு பொம்பளை இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு கேட் முன்னால் நிற்கிறாள். குழந்தை காலை உதைத்து அழுகிறது. அதன் முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்க ரத்தச் சிவப்பு. அவ்வளவுதான், பதினோரு விநாடி. மேலே எழுத்து: 'உஷார்! மயிலாப்பூரில் குழந்தை கடத்தும் பெண். அனைவருக்கும் பகிரவும்.' சாயங்காலத்துக்குள் ஒரு யூடியூப் செய்திச் சேனல் அதற்கு இடி இடிக்கிற மியூசிக் சேர்த்து, அந்தச் சிவப்பைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டமும் போட்டிருந்தது. சிவப்பு போதவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

அது ராகவன் சார் எடுத்த வீடியோ என்பது நான் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கேட் வாசலில் யார் குப்பைப் பையை வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழைய பதிவை ஓட்டியிருக்கிறார். இந்தக் காட்சி வந்திருக்கிறது. மானிட்டரில் ஓடியதை ஃபோனால் படம் பிடித்துக் குடியிருப்பு குரூப்பில் போட்டு, 'இது யார் குழந்தை? அடிபட்ட மாதிரி இருக்கிறது' என்று கேட்டிருக்கிறார். கோணல்மாணலாக எடுத்த அந்தப் படம் வெளியே போனபோது கேள்வி உதிர்ந்துவிட்டது. ரத்தம் மட்டும் போனது.

"நான் நல்லதுக்குத்தானே போட்டேன்" என்றார்.

அந்தப் பொம்பளையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நொச்சிக்குப்பம் கன்னியம்மா. தலையில் அலுமினிய மீன் அன்னக்கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவள். எங்கள் வீட்டுக்கு வருஷக்கணக்காக அவளிடம்தான் மீன். ஃபோனில் பார்த்தபோது நம்ப முடியவில்லை. பெரிய திரையில் பார்ப்போம் என்று டி.வி.ஆரில் அந்த நேரத்தைப் போட்டேன்.

கன்னியம்மா வந்தாள், நின்றாள், எந்த வீட்டுக் குழந்தை என்று மேலே கீழே பார்த்தாள், கேட்டுக்குள் போனாள். நான் நிறுத்தாமல் ஓடவிட்டேன்.

"சார், அந்தம்மா உள்ள போய்ட்டாங்க. ரத்தம் வெளியவே கீது பாருங்க."

ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கூரியர் பையன் பைக்கில் வந்தான், அவன் மேலும் ரத்தம். ஒரு நாய் வந்து உட்கார்ந்து காதைச் சொறிந்தது. நாய்க்கும் ரத்தம். முந்தின நாள் பதிவைப் போட்டேன். ராகவன் சாரே கேட்டில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலை முழுக்க ரத்தத்தோடு.

"சார், ஆயுத பூஜைக்கு யாரு பொட்டு வெச்சாங்க?"

அவர் எழுந்தார். வெளியே போய்க் கேமராவை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கார் நிறுத்தும் இடத்தில் இன்னொரு கேமரா உண்டு. அதில் மிச்சம் இருந்தது. காதில் ஹெட்செட்டோடு, செருப்பில்லாமல் ஒரு பெண் ஓடிவருகிறாள். மூன்றாவது மாடி நித்யா, வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவள். கன்னியம்மா கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். கன்னியம்மா விரலை ஆட்டி நன்றாகத் திட்டுகிறாள். அந்தக் கேமராவில் சத்தம் கிடையாது, ஆனாலும் எனக்குக் கேட்டது.

"நித்யாவா! அவளும் குரூப்ல இருக்காளே. ஒரு வார்த்தை சொல்லலையே?"

எப்படிச் சொல்வாள்? வேலை பார்த்துக்கொண்டே பிள்ளையைத் தெருவில் விட்டவள் என்று அதே குரூப் அவளைப் பிய்த்திருக்கும். முகம் தெரியாதது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பரிதாபமும் வந்தது. "சார், ரெண்டு கேமரா பதிவையும் பேக்கப் எடுத்து போலீசுக்கு மட்டும் குடுப்போம். குரூப்ல போடாதீங்க. ஒருத்தரக் காப்பாத்தறேன்னு இன்னொருத்தர மாட்டி வுடக்கூடாது" என்றேன்.

ஸ்டேஷனில் பார்த்துவிட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராகவன் சாருக்கு நல்ல டோஸ் கிடைத்தது. ஃபார்வர்ட் செய்த அத்தனை பேரையும் கூப்பிட்டால் நிற்க ஸ்டேஷன் போதாது என்று எஸ்.ஐ. சொன்னாராம். உண்மைதான். ராகவன் சார் வீடியோவை அழித்துவிட்டு, 'அது ரத்தம் அல்ல, குங்குமம். நான் வைத்தது' என்று குரூப்பில் எழுதினார். யாரோ ஒருவர் கும்பிடு பொம்மை போட்டார். இன்னொருவர், கடத்தல்காரிக்கு ஏன் வக்காலத்து என்று கேட்டார்.

3. கன்னியம்மா வந்தாள்

ரெண்டு நாள் கழித்துக் கன்னியம்மா மந்தைவெளியில் இருக்கும் என் கடைக்கு வந்தாள். கூடை இல்லை. முழங்கையில் சிராய்ப்பு.

"இன்னா நைனா, நான் புள்ள புடிக்கறவளாமே?"

"உக்காரு கன்னிமா. கையில இன்னா காயம்?"

"மார்க்கெட்டாண்ட ரெண்டு பசங்க. ஒருத்தன் செல்லுல படம் புடிக்கறான், ஒருத்தன் முடியப் புடிச்சு இழுக்கறான். கூட கவுந்து மீனெல்லாம் ரோட்ல. நல்லவேள, பூக்கார ஆயா கத்திச்சு, வுட்டுட்டு ஓடிட்டானுங்க. எம் புள்ள இனிமே யாவாரத்துக்குப் போவாதன்றான். போவாம? துன்றதுக்கு உங்கப்பனா குடுப்பான்னு அவனக் கேட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரோட்ல ஓடற புள்ள மேல பைக்கு ஏற இருந்தது நைனா. தூக்கினு போய் அவங்கம்மா கையில குடுத்தேன். அது தப்பா? அந்தப் பொண்ணு இன்னா ஊமையா?"

அது ரத்தம் இல்லை, கேமராக் கண்ணாடியில் வைத்த பொட்டு, பேக்கப் போலீசிடம் இருக்கிறது, கேஸ் இல்லை என்றேன்.

"கேசு இல்லன்னு என் மூஞ்சில எழுதி ஒட்டிக்கவா?"

முப்பது வருஷமாக வயரை இழுத்து, ஊரெல்லாம் கண் வைத்தவன் நான். அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அவளே எழுந்தாள். "நாளைக்கு அந்தத் தெருவுக்குத்தான் போவப் போறேன். அதே பொடவையக் கட்டிகினு போறேன். நீ வந்து அந்தப் பொட்ட அழிச்சு வையி."

4. ஒரு கை

மறுநாள் காலை ஏணியில் ஏறி, ஸ்டேஷனுக்கு ஓடிய அவசரத்தில் துடைக்காமல் விட்ட லென்ஸைத் துடைத்தேன். ராகவன் சார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்குவதற்குள் கன்னியம்மா வந்துவிட்டாள். கூடையை நேராகக் கேமராவுக்குக் கீழே இறக்கி வைத்து, இடுப்பில் கை ஊன்றி, "வஞ்சரம், சங்கரா, நெத்திலி" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

ஜன்னல்கள் திறந்தன. பால்கனியில் ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் மீன் விலை கேட்கவில்லை. ஃபோனைத்தான் தூக்கினார்கள். எதிர் வீட்டுக்காரர், "இவதான், இவதான்" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. தெருமுனையில் பைக் ஒன்று நின்றது. ஏணியை மடித்துக் குறுக்கே வைத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வதாக இருந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். நித்யா, இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளை கன்னியம்மாவைப் பார்த்ததும் ரெண்டு கையையும் நீட்டியது. தூக்கிக்கொண்டு போனவளை அதற்கு ஞாபகம் இருந்தது.

நித்யா நடுத்தெருவில் நின்று மேலே இருக்கிறவர்களைப் பார்த்துப் பேசினாள். "அந்த வீடியோல இருக்கறது என் பையன்தான். நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். கேட் திறந்து கிடந்தது. அவன் வெளிய போனதே எனக்குத் தெரியாது. இவங்க இல்லன்னா இன்னிக்கு இவன் இல்ல." ராகவன் சார் பக்கம் திரும்பினாள். "இதையும் எடுங்க சார். குரூப்ல போடுங்க."

பிறகு கன்னியம்மாவிடம், "மன்னிச்சிடுங்கம்மா. பயந்துட்டேன். எல்லாரும் என்னைய என்ன சொல்லுவாங்களோன்னு" என்றாள்.

கன்னியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னையச் சொன்னத விடவா?"

நித்யா அழுதுவிட்டாள். யாரும் சமாதானம் செய்யவில்லை. கன்னியம்மாதான், "சரி, அழுவாத. புள்ள பயப்படுது பாரு. மீன் வாங்கிக்கறியா?" என்றாள்.

"எங்க வீட்ல மீன் சாப்பிட மாட்டோம்மா."

"அப்ப புள்ளைய அவராண்ட குடுத்துட்டு ஒரு கை புடி. கூடையத் தூக்கி வுடு."

பிள்ளை ராகவன் சார் கைக்குப் போனது. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, நித்யா அந்த அன்னக்கூடையை ரெண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். முதல் தடவை தோள் உயரம்தான் வந்தது. மறுபடியும் மூச்சைப் பிடித்துத் தூக்கி, கன்னியம்மா தலையில் இருந்த சும்மாட்டின் மேல் வைத்தாள். கன்னியம்மா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, பைக் நின்ற பக்கமாகவே நடந்தாள். பைக்காரன் வண்டியை ஓரம் கட்டி வழி விட்டான்.

கேமரா அதைத் துல்லியமாகப் பதிவு செய்தது. என் சர்வீசில் அவ்வளவு சுத்தமான படம் நான் பார்த்ததில்லை. ராகவன் சாரும் ஒரு கையில் பிள்ளையோடு ஃபோனில் எடுத்து, குரூப்பில் போட்டார். நீளமாக இருக்கிறது, சுருக்கமாகப் போடக்கூடாதா என்று ஒருவர் கேட்டாராம். அதற்கு மேல் அது எங்கேயும் போகவில்லை.

கன்னியம்மா இப்போதும் அந்தத் தெருவுக்குப் போகிறாள். ராகவன் சார் பொட்டைக் கேமராவுக்குப் பக்கத்துச் சுவரில் வைக்கிறார். அந்தப் பதினோரு விநாடி மட்டும் அடங்கவில்லை. போன மாதம் என் மச்சானே எனக்கு அனுப்பினான், ஊர் பெயரை மாற்றி, 'உஷார்' என்று.

புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். டி.வி.ஆர். பெட்டியில் இடம் நிறைந்ததும் அது பழைய பதிவை அழித்து, அதன் மேலேயே புதியதை எழுதும். பேக்கப் எடுத்தால்தான் மிஞ்சும். குற்றம் நடந்தால் எல்லோரும் பேக்கப் கேட்பார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குக் கூடை தூக்கிவிட்டதற்கு யாரும் கேட்பதில்லை. குரூப்பில் வந்ததை யாரும் வைத்துக்கொள்ளவில்லை, ராகவன் சார் ஃபோனும் பிறகு பழுதாகிவிட்டது. அந்தக் காலைப்பொழுது இப்போது எந்தப் பெட்டியிலும் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன்.