தம்பி ஏறிய தோள்

ஊர்ச் சங்கத் தலைவர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். இந்தக் குளிர்காலத்துக் கலைவிழாவில், மண்டபம் நிறைந்த சபையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் இப்போது சொல்லக்கூடும். தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோலச் சொன்னால், எங்கள் வீட்டில் அதற்கும் பொய் என்றுதான் பெயர்.

அன்று மண்டபத்தில் இல்லாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவிக்கு இரண்டு தம்பிமார். இருவரும் ரொறன்ரோவில் அவுஸ்திரேலிய உதைபந்து விளையாடுகிறவர்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் கனடாவில் வந்து அவுஸ்திரேலிய விளையாட்டு விளையாடுவதா என்று சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தவன்தான். அவர்களில் இளையவனைச் சங்கம் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தியது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போர்த்த வேண்டிய பிள்ளைதான். மேடையில் அவனுடைய படம் ஒன்றைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். யாரோ ஒருவருடைய தோளில் முழங்காலை ஊன்றி, ஆகாயத்தில் நின்று, இரண்டு கையாலும் பந்தைப் பிடிக்கிறான். கீழே இருப்பவரின் முகம் தெரியவில்லை. கழுத்துவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, ஒரு தோள், கையுறை போட்ட ஒரு கை. அவ்வளவுதான்.

நீங்கள் படத்தைக் காட்டிச் சொன்னீர்கள்: “பாருங்கோ! எங்கடை பெடியன் வெள்ளைக்காரன்ரை தோளிலை ஏறி நிண்டு பந்து பிடிக்கிறான். இவ்வளவு காலமும் அவங்கள் எங்கடை தோளிலை ஏறினவங்கள். இனி நாங்கள் ஏறுவம்!”

மண்டபம் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். அந்தக் கைதட்டல் உங்களுக்குப் போதவில்லை.

“தமையனும் கூட விளையாடுறவர்தான். ஆனால் அவருக்கு இண்டைவரைக்கும் ஒரு பந்துகூடப் பிடிக்கத் தெரியாதாம். தம்பிக்குத் தண்ணிப் போத்தல் தூக்கத்தான் போறாராக்கும்!”

தமையன் எனக்குப் பக்கத்துக் கதிரையில், மடியில் றோல்ஸ் தட்டோடு இருந்தான். சபை சிரித்தபோது அவனும் சிரித்தான். கையில் எடுத்த றோல்ஸைக் கடிக்காமல் திரும்பத் தட்டில் வைத்தான்.

இளையவன் மைக்கை வாங்கி, “அது வெள்ளைக்காரன் இல்லை அங்கிள், அது...” என்று தொடங்கினான். நீங்கள் மைக்கைப் பறித்தீர்கள். “நேரம் இல்லைத் தம்பி. பிள்ளையள் சலங்கை கட்டிக்கொண்டு நிக்கினம்.”

அந்தத் தோள் வெள்ளைக்காரனுடையது அல்ல. அவனுடைய அண்ணனுடையது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மூத்தவன் சொன்னான்: “நான் இனி விளையாடேல்லை அத்தான். விளையாடினது காணும்.” இன்றுவரை அவன் பயிற்சிக்குப் போகவில்லை. அவன் திரும்பப் போகவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில் இருந்தார்கள். மூத்தவன் வேலை செய்த பண்டகசாலையில் ஓர் அவுஸ்திரேலியர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். சனிக்கிழமைகளில் ஓர் அணியும் நடத்தினார். அணிக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. உயரமான எவனைக் கண்டாலும் விடமாட்டார். மூத்தவன் நல்ல உயரம். கூப்பிட்டார், போனான், தம்பியையும் இழுத்துக்கொண்டு போனான். “ரெண்டும் கை கால் முறிச்சுக்கொண்டு வந்து நிக்கப்போகுதுகள், நீங்களும் போங்கோ” என்று மனைவி என்னையும் கலைத்துவிட்டாள்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்து முட்டை மாதிரி. அதைக் கையால் பிடிக்கலாம், ஆனால் எறியக்கூடாது. ஒரு கையில் வைத்து மற்றக் கையின் முட்டியால் குத்தித்தான் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். ஓடும்போது இடையிடையே நிலத்தில் குத்தி எடுக்க வேண்டும். அது எந்தப் பக்கம் எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் விலகிப் பக்கத்தால் போனால் ஒரு புள்ளி. தவறவிட்டவனுக்கும் ஒன்று கொடுக்கிற விளையாட்டை நான் அதுவரை கண்டதில்லை. அடுத்த கிழமை மனைவி கலைக்காமலே போனேன்.

கம்பத்துக்குப் பின்னால் நின்று கொடி காட்ட ஆள் இல்லை. என்னை நிறுத்தினார்கள். கொடியும் இல்லை. மனைவியின் வெள்ளைக் குசினித் துணி இரண்டைக் கொண்டுபோனேன். ஆறு புள்ளிக்கு இரண்டு துணி, ஒரு புள்ளிக்கு ஒரு துணி. அங்கே நின்றுதான் கோடைக்குக் கோடை இருவரையும் பார்த்தேன். மச்சான்மார் என்று நான் இரக்கம் காட்டியதில்லை. கம்பத்தை உரசிப்போன உதைக்கு ஒரு துணிதான் என்று காட்டி இளையவனிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

இளையவன் ஊரில் பள்ளிக்கூட அணியின் விக்கெட் காப்பாளன். பந்து வந்து படும்போது அவன் கை கொஞ்சம் பின்னால் போகும். சத்தமே வராது. இந்த விளையாட்டில் உயர வரும் உதையைச் சுத்தமாகப் பிடித்தால், அந்த இடத்தில் நின்று ஒருவரும் தொடாமல் உதைக்க விடுவார்கள். அவன் பிடித்தால் நான் துணி இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வேன். உதையும் அவ்வளவு நேர். ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். பந்து நிலத்தில் உருண்டால் அவன் ஆளே வேறு. குனியமாட்டான். வேறு யாராவது எடுத்துத் தரட்டும் என்று நிற்பான்.

மூத்தவன் கரப்பந்தாட்டக்காரன். வலைக்குப் பக்கத்தில் நின்று, அடிக்கிறவனுக்குப் பந்தை எழுப்பிக் கொடுப்பது அவன் வேலை. கரப்பந்தில் பந்தைப் பிடித்து வைத்திருந்தால் குற்றம். அந்தப் பழக்கம் அவனை விட்டுப் போகவே இல்லை. நெஞ்சுக்கு நேரே வருகிற பந்தையும் தட்டித்தான் விடுவான். அணியில் மற்ற எல்லாரும் கையில்லாத சட்டையோடு நிற்க, இவன் மே மாதத்திலும் முழுக்கைச் சட்டையும் கம்பளித் தொப்பியும் கையுறையும் போடுவான். குளிர் பொறுக்காது. பார்க்க வருகிறவர்கள், கையுறையால்தான் பந்து வழுக்குகிறது என்றார்கள். எனக்கு அது உண்மையா என்று அறிய வேண்டும்போல இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பார்ட்மென்டின் பின்பக்கப் பார்க்கிங்கில் கையுறையைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கிட்ட நின்று பந்தை எறிந்தேன். தட்டினான். ஒரு தோடம்பழத்தை எறிந்தேன். பிடித்தான். திரும்பவும் பந்து. தட்டினான்.

“ஏன்டா பிடிக்கிறாயில்லை?”

“தெரியேல்லை அத்தான். பந்தெண்டு கண்டால் கை மூடுதில்லை. ஆரோ விசில் ஊதப்போற மாதிரிக் கிடக்கு.”

“அண்ணைக்கு இனித் தோடம்பழத்திலை மட்ச் வைப்பம்,” என்றான் இளையவன். தோடம்பழத்தின் பாதியை உரித்துத் தின்றுகொண்டுதான் சொன்னான்.

ஆனால் அந்தத் தட்டல் எங்கே போய் விழுகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஆட்டம் பிடிபட்டது. ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை நிலத்தில் ஓங்கிக் குத்தி மேலே எழுப்புவார். இரு பக்கத்திலும் உயரமான ஒருவன் துள்ளுவான். மற்ற உயரமானவர்கள் கை பட்டால் போதும் என்று அடிப்பார்கள். இவன், ஓடிவருகிற தன் ஆளுக்கு இரண்டு அடி முன்னால் பந்தை விழுத்துவான். அவன் வேகம் குறைக்காமல் எடுத்துக்கொண்டு போவான். அங்கிருந்து உதை. அந்த முனையில் தம்பி பிடிப்பான். எல்லாரும் தம்பியைப் பார்த்துக் கத்துவார்கள்.

இருவரில் யார் திறம் என்று அந்த அவுஸ்திரேலியரை நேராகவே கேட்டேன். சொன்னார்: “சனிக்கிழமை கேட்டால் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் தம்பி.” ஆட்டம் சனிக்கிழமை. அதைப் பற்றிக் கதைப்பது ஞாயிற்றுக்கிழமை. தலைவர் அவர்களே, நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதை மட்டும் கேட்டவர்.

எனக்கு அந்தப் பதிலும் போதவில்லை. பிறகு மூத்தவன் கலியாணம் செய்து பிக்கரிங்குக்குப் போனான். அந்தப் பக்கம் புதிதாக ஓர் அணி. வீட்டுக்குக் கிட்ட என்று அதில் சேர்ந்தான். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கிற நாள் வந்தது. எனக்குப் பெருநாள்.

மனைவியும் வந்தாள். “ஆருக்குக் கைதட்டுறது?” என்று கேட்டாள்.

“பேசாமல் இரு. கட்லட்டைப் பிரி.”

தம்பியைப் பந்து பிடிக்க விடாமல் மறிக்கிற வேலையை மூத்தவனுக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் பந்து உயர வந்தது. இளையவன் கையை விரித்தான். அவனுடைய காதுக்குப் பக்கத்தால் ஒரு கையுறை முட்டி வந்து பந்தைக் குத்தி வெளியே அனுப்பியது. அடுத்த பந்துக்கும் அதே முட்டி. அதற்கடுத்ததற்கும். நான் துணியை மடித்து வைத்துவிட்டு நின்றேன்.

“அண்ணை, ஒண்டையாவது விடன்!”

“வீட்டை வா, தாறன்.”

“அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறா. மானம் போகுது.”

“அப்ப ஏன் வாயைப் பாக்கிறாய்? பந்து கீழை கிடக்கு, குனிஞ்சு எடடா!”

எதிர் அணிக்காரன் சொல்லக்கூடாத சொல் அது. இளையவன் குனிந்தான். எடுத்தான். திரும்பி உதைத்தான். நான் துணி இரண்டையும் அவசரமாக விரித்தேன். அன்றைக்குப் பிறகு நிலத்துப் பந்துக்கும் அவன் போகத் தொடங்கினான். மூத்தவனுக்கு அவனுடைய அணித்தலைவர் நல்ல ஏச்சுக் கொடுத்தார். அடுத்த வருடம் மூத்தவன் பழைய அணிக்கே வந்துவிட்டான். “அவன் பிடிக்கிறதைக் குழப்பிக் குழப்பி அலுத்துப்போச்சு அத்தான்,” என்றான்.

அந்தப் படம் எடுத்தது அந்த வருடத்தின் முதல் ஆட்டத்தில். ஏரிப் பக்கமிருந்து காற்று வெட்டியது. என் கம்பங்களுக்கு நேரே ஓர் உதை மிக உயரமாக வந்தது. நின்ற இடத்தில் துள்ளி எவனும் எட்ட முடியாத உயரம். மூத்தவன் அதற்குக் கீழே ஓடினான். வழக்கம்போலத் தட்டிவிடப்போகிறான் என்று நினைத்தேன். தட்டவில்லை. இரண்டு காலையும் அகட்டி ஊன்றித் தோளைப் பதித்துக் கத்தினான்: “ஏறடா!”

மைதானத்தில் தமிழ் விளங்கியவர்கள் மூன்று பேர். கத்தியவன், ஏறியவன், நான். அந்த விளையாட்டில் பந்தைப் பிடிக்கிற எண்ணத்தோடு ஒருவரின் முதுகில் ஏறி எழும்பினால் குற்றமில்லை. இளையவன் ஓடிவந்து முழங்காலை அந்தத் தோளில் வைத்து எழும்பினான். யாரோ ஒரு பெண் கமராவை அமத்தினாள். பந்து சத்தமில்லாமல் அவன் கைக்குள் போனது. மூத்தவன் முகங்குப்புறச் சேற்றில் கிடந்தான். தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டான்: “பிடிச்சிட்டானே?”

பல கிழமை மூத்தவனுக்கு அந்தத் தோள்பக்கத்துக் கை மேலே எழும்பவில்லை. என் மனைவி பிக்கரிங்குக்குப் போய்த் தைலம் தேய்த்துவிட்டு வருவாள்.

இருவரில் யார் திறம் என்று எனக்கு இன்னும் தெரியாது. பிடிப்பதிலும் உதைப்பதிலும் இளையவனைத் தொட ஆள் இல்லை. அவன் பெயர் நிற்கும். மற்றவனைப் பிடிக்க வைப்பதும், மற்றவனைப் பிடிக்க விடாமல் செய்வதும் மூத்தவனுடைய கை. இதில் எது பெரிது? பின்னால் நின்று துணி காட்டிய எனக்கே தெரியாதது, ஒரு சனிக்கிழமையும் வராத உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கலைவிழா முடிந்து நான் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். “பகிடிக்குச் சொன்னது. அவரைக் குறை நினைக்க வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ,” என்றீர்கள். நான் சொல்லமாட்டேன். சபையில் சொன்னதைச் சமையலறைத் தொலைபேசியில் அழிக்க முடியாது. இளையவனும் பொன்னாடையைப் பையை விட்டு எடுக்கவில்லை. “அண்ணை வராட்டில் நானும் இல்லை” என்று பயிற்சியை நிறுத்திவிட்டான். மே மாதம் ஆட்டம் தொடங்கும்.

அதற்கு முன் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடல் வருகிறது. அதே மண்டபம், அதே மைக். மூத்தவனை நான் கூட்டிக்கொண்டு வருவேன், முன்வரிசையில் இருத்துவேன். அந்தப் படத்தைத் திரும்ப மேடையில் வையுங்கள். நீங்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு கீழே நிற்கிறவர் யார் என்று, அந்தத் தொப்பியைக் கையால் தொட்டுக் காட்டி, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.