கிரீஸ் அடிக்கிற சனிக்கிழமை

என் வீட்டுக்காரர் கையில் பலம் குறைந்துகொண்டு வருகிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கிரீஸ் கன். நாங்கள் அந்தக் கன்னை ரிப்பேர் செய்துகொண்டிருந்தோம்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கட்டை எல்லாம் செய்கிறோம். கம்மாபுரத்தில் மாமனார் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு என் வீட்டுக்காரர் இங்கே வந்து ஆரம்பித்த தொழில். ஷெட்டின் நடுவில் மண் அரைக்கிற பெரிய டிரம். களிமண்ணும் கல்பொடியும் தண்ணீரும் கூழாங்கற்களோடு அதற்குள் நாள் முழுக்கப் புரளும். டிரம்மை இரண்டு பக்கமும் தாங்குவது இரண்டு பேரிங்குகள். அவை காய்ந்து போனால் டிரம் நின்றுவிடும், அதோடு எங்கள் பிழைப்பும் நின்றுவிடும்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். அன்றைக்கு டிரம் ஓடாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கிரீஸ் அடிப்பது எங்கள் ஷெட்டின் வழக்கம். அதை மட்டும் அவர் வேறு யாரிடமும் விடமாட்டார். கன்னின் மூக்கை பேரிங்கில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னக் குமிழில் மாட்டி, கைப்பிடியை அழுத்தி அழுத்தி விடுவார். பழைய கிரீஸ் கறுப்பாக ஓரத்தில் பிதுங்கும். புதுசு மஞ்சளாக எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டுத் துணியால் துடைப்பார். பிறகு டிரம்மின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு. என் முதுகில்கூட இவர் இவ்வளவு பிரியமாகத் தட்டியதில்லை என்று ஷெட்டில் வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஒரு சனிக்கிழமை, "நிப்பிளு அடைச்சிகிச்சு போலருக்குது. எறங்கவே மாட்டேங்குது" என்றார்.

எங்கள் பேட்டையில் எது கெட்டுப்போனாலும் பழி தூசி மேல்தான். ஃபேன் சுற்றவில்லையா, தூசி. பூட்டு திறக்கவில்லையா, தூசி. பிள்ளைக்கு இருமலா, அதுவும் தூசி. ஆகவே நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். அடுத்த வாரமும் இறங்கவில்லை. புது நிப்பிள் போட்டார். பக்கத்து ஷெட்டுக்காரர் வந்து, கிரீஸ் கெட்டியாக இருக்கிறது, வெயிலில் வையுங்கள் என்றார். வைத்தோம். எதிர் ஷெட்டுக்காரர் வந்து, கன்னுக்குள் காற்று நிற்கிறது என்றார். தலைப்பாகத்தைக் கழற்றிக் காற்றை வெளியே விட்டோம். கடைசியில் கன்னே போய்விட்டது என்று முடிவுகட்டி, பாலக்கரைக் கடையில் புதுசு வாங்கி வந்தார். அதுவும் இறங்கவில்லை. டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். இவ்வளவு பேர் வந்து கன்னை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அதைப் பிடித்த கையை யாரும் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு சனிக்கிழமை, "இப்படிக் குடுங்க" என்று பிடுங்கி நானே அழுத்தினேன். சரேலென்று இறங்கியது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "காலைல இன்னா தின்ன நீ?" என்றார். நான் இன்னொரு முறை அழுத்தினேன். இன்னொரு முறையும் இறங்கியது. அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கன்னைக் கீழே வைத்தேன்.

புதுச்சேரிக்குப் போனோம். டாக்டர் தன் விரல்களைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார். ஊசி குத்தி நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். பிறகு அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துகிட்டு வருதும்மா. கை, அப்புறம் காலு, பேச்சு, கடைசில மூச்சு. போன பலத்தத் திருப்பிக் கொண்டாற மருந்து இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றுதான். "பலம் வந்துடுமா?"

"வந்துடும்னாங்க. லேட்டாவுமாம், ஆனா வந்துடுமாம்" என்றேன்.

பொய்தான். அவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த பிறகும் அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அதற்கப்புறமும் கிரீஸ் அடிப்பதை அவர் விடவில்லை. அசைக்க அசைக்கத்தான் நரம்பு முழிக்கும் என்பது அவர் நம்பிக்கை. நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையால் நான் கன்னைப் பிடித்துக்கொள்வேன். அவர் கையைக் கைப்பிடிமேல் வைத்து, அதன்மேல் என் வலது கையை வைத்து அழுத்துவேன். கறுப்பு வரும், மஞ்சள் வரும்.

"எறங்குதுல்ல?" என்பார்.

"எறங்குதுங்க. நான் சும்மா மேல புடிச்சிருக்கேன்."

அன்றைக்கு ஒரு கவளம் சோறு கூடுதலாகச் சாப்பிடுவார். கம்மாபுரத்துத் தம்பிக்குப் போன் போட்டு, "கை திரும்பிடுச்சுடா, நானே கிரீஸ் அடிக்கிறேன்" என்பார். நான் அழுத்துவது அவருக்குத் தெரியாதபடி தோளைச் சாய்த்து அழுத்தக் கற்றுக்கொண்டேன். கோயிலில் முழங்காலில் நிற்கும்போது அந்தக் கைப்பிடிக்காக மட்டும்தான் ஜெபித்தேன். ஒருவேளை உண்மையிலேயே அவர்தான் அழுத்துகிறாரோ என்று சில வாரம் எனக்கே தோன்றும். தோன்றட்டும் என்று விட்டுவிடுவேன்.

கார்த்திகைக்கு அகல் கேட்டு ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த மழைக்காலம். கால்களும் பாதி போயிருந்தன, பேச்சு லேசாகக் குழறத் தொடங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை முதல் பேரிங்கில் கன்னை மாட்டியதும், "நீ கைய எடு" என்றார்.

"எதுக்குங்க? வழுக்கும்."

"எடும்மா. நாளைக்குத் தம்பி வரான். அவனுக்குத் தனியா அடிச்சிக் காட்டணும்."

கன் நழுவும் என்றேன், நேரமாகிறது என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

அவர் கை கைப்பிடிமேல் அப்படியே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, பல்லைக் கடித்தார், முகமெல்லாம் சிவந்தது. கைப்பிடி மயிரளவுகூட அசையவில்லை. கை மெல்லச் சறுக்கி மடியில் விழுந்தது. டிரம் நின்றிருந்ததால் ஷெட்டில் சத்தமே இல்லை. மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்க்காமலே கேட்டார். "இத்தினி வாரமும் நீதானா?"

"ஆமாங்க" என்றேன். அதற்குமேல் பொய் வரவில்லை.

தலையை ஆட்டிக்கொண்டார். "செரி, பேரிங்கு காயக்கூடாது. இத முடிச்சிட்டு அந்தப் பக்கமும் போயி அடிச்சிடு" என்றார்.

முடித்துவிட்டு டிரம்முக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே நின்றால் நான் அவர் கண்ணில் பட மாட்டேன். கன்னை மாட்டி அழுத்தினேன். அழுகை அடக்க முடியாமல் வந்தது. வாயைத் தோளில் புதைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தேன். கிரீஸ் கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"போதும்மா" என்று அந்தப் பக்கத்திலிருந்து குழறிய குரல் வந்தது. "அழுவாத. வா, வூட்டுக்குப் போவலாம்."